பருமனானவர்களுக்கு ஸ்கூபா: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்

தென்காசிக்காரர்களுக்குக் கடல் இரண்டு பக்கமும் உண்டு. கிழக்கே திருநெல்வேலி தாண்டித் தூத்துக்குடி. மேற்கே செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் போனால் கொல்லம், திருவனந்தபுரம், அதை ஒட்டிக் கோவளம். எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். கோவளத்தில் ஸ்கூபா பழக்குகிறார்கள். இராமேசுவரம், புதுச்சேரி, சென்னை என்று கிழக்குக் கரையிலும் பழக்குகிறார்கள். ஆசை இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் உடம்பு கொஞ்சம் கனமானவர்கள் அந்த வாசல் வரை போய்த் தயங்கி நின்றுவிடுகிறார்கள். போன் போட்டு முதலில் கேட்பதே "அண்ணாச்சி, நம்ம சைசுக்கு இருக்குமா?" என்பதுதான். "வந்து பாருங்க" என்று பதில் வந்தால் பலர் போவதே இல்லை.

போகலாம். தண்ணீருக்குள் பருமன் பெரிய தடை அல்ல. தடை, பொருந்தாத கருவிதான். அதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்ற தெளிவு இருந்தால் போதும்.

எப்போது தொடங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சாரல் அடித்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுவதற்குக் காரணமான அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் கோவளத்துக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் அந்த மாதங்களில் காற்று பலமாக வீசும், தண்ணீர் கலங்கியிருக்கும். ஆகவே அருவி சீசன் என்பது நமக்குக் கடலுக்குப் போகும் காலம் அல்ல. அளவெடுக்கவும், நீச்சல் பழகவும், கருவி தேடவும் அதுவே நல்ல காலம். பொங்கலுக்குப் பிறகு கடல் அமைதியாகும்போது இறங்கலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாங்கிய கருவியைப் பேரருவியின் பொங்குமாங்கடலிலோ செண்பகாதேவித் தடாகத்திலோ போட்டுப் பார்க்க யாரும் நினைக்கவே கூடாது. சுழலும் பாறை இடுக்கும் வழுக்கலும் உள்ள இடங்கள் அவை. சோதித்துப் பார்க்க நீச்சல் குளம்தான் சரி.

பருமனானவர்களிடம் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது ஈயக்கட்டி பற்றித்தான். மனித உடம்பு கடல் நீரில் ஏறக்குறைய மிதக்கும் நிலையில் இருக்கும். உள்ளே இறங்க இடுப்பில் ஈயம் கட்டுகிறோம். "உடம்பு பெருசு, கொழுப்பு மிதக்கும், பத்துப் பன்னிரண்டு கிலோ போடுங்க" என்று படகிலேயே முடிவுசெய்து மாட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈயம் என்ற ஒரு கணக்கும் சிலர் வாயில் புழங்குகிறது. 110 கிலோ எடை உள்ளவர் என்றால் 11 கிலோ ஈயம். நம் வெதுவெதுப்பான கடலுக்கு இது பெரும்பாலும் மிக அதிகம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் கொழுப்பு ஏறக்குறைய 0.9 கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டர் கடல் நீர் 1.025 கிலோ. அப்படியானால் 10 கிலோ கொழுப்பு சுமார் 11 லிட்டர் இடத்தை அடைக்கும், அந்த அளவு கடல் நீரின் எடை 11.4 கிலோ. வித்தியாசம் 1.4 கிலோ. அந்தக் கொழுப்பு உங்களை மேலே தூக்கும் விசை அவ்வளவுதான். ஒல்லியான நண்பரைவிட உங்கள் உடம்பில் 30 கிலோ கொழுப்பு கூடுதலாக இருந்தால்கூட, அதற்காக நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது சுமார் 4 கிலோ. தசை கூடுதலாக இருந்தால் அதுகூட வேண்டாம், ஏனென்றால் தசை கடல் நீரைவிடச் சற்றுக் கனமானது, தானாகவே மூழ்கும். மூட்டை தூக்கியும் வயல் வேலை பார்த்தும் உருண்டு திரண்ட 110 கிலோ உடம்பும், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த 110 கிலோ உடம்பும் தண்ணீரில் ஒன்றல்ல. தராசைப் பார்த்து ஈயத்தை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதுவே போதும்.

ஈயம் அதிகமானால் என்ன கெடுதல்? இறங்கும்போது கல்லாகப் போவீர்கள். அதைத் தடுக்க, சிலிண்டரைத் தாங்கும் மிதப்புச் சட்டைக்குள் காற்றை நிறைய ஊத வேண்டியிருக்கும். மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரியும், நீங்கள் நினைத்ததைவிட வேகமாக மேலே இழுத்துக்கொண்டு போகும். ஸ்கூபாவில் மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று இப்படிக் கட்டுப்பாடில்லாமல் மேலேறுவது. இடுப்பில் ஈயம் தொங்கினால் உடம்பும் கிடையாக இருக்காமல் கால் கீழே சாயும். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தை உடைக்கும், மணலைக் கிளப்பும். அந்த நிலையில் நீந்த அதிகப் பலம் தேவைப்படும், காற்று சீக்கிரம் தீரும். பிறகு பழி உடம்பின்மேல் விழும்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் தோணியில் இருப்பவர் அந்தக் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். எடை இறங்குவதற்கு மட்டும்தான். அங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். ஸ்கூபாவில் கட்டிய எடையைக் கடைசிவரை சுமக்க வேண்டும் என்பதால், அதைக் குறைவாக வைப்பது நமக்கு இன்னும் முக்கியம்.

சரியான எடையைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் ஒரு சோதனை உண்டு, பழக்குபவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எல்லாக் கருவியும் மாட்டி, சட்டையில் காற்று முழுவதையும் விட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். தடாலென்று இறங்கினால் ஈயம் அதிகம், ஒவ்வொரு கிலோவாகக் குறையுங்கள். சோதனையை நிறைந்த சிலிண்டருடன் செய்தால் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது லேசாகி மிதக்கத் தொடங்கும் என்பதே காரணம். நீச்சல் குளத்தில் கண்ட எடை கடலுக்குப் போதாது என்பதும் நினைவில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம். உடம்பும் கருவியும் சேர்ந்து 140 கிலோ என்றால், கடலில் மூன்றரை கிலோ கூடுதலாகத் தேவைப்படும். ஒல்லியானவருக்கு இந்த வித்தியாசம் சிறியது, நமக்குப் பெரியது. இந்த எண்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த படகில் யார் எத்தனை கிலோ மாட்டச் சொன்னாலும் நீங்கள் நோட்டைக் காட்டலாம்.

ஈயத்தைக் கட்டும் பெல்ட்டிலும் ஒரு சங்கதி இருக்கிறது. தொப்பை உள்ளவருக்கு நைலான் பெல்ட் வயிற்றின் சரிவில் வழுக்கிக் கீழே இறங்கும். ஆழம் போகப் போக வெட்சூட் என்ற ரப்பர் உடையும் சுருங்குவதால் இன்னும் தளரும். அதைப் பிடித்துக்கொண்டே நீந்துவது பெரிய தொந்தரவு. நீளும் ரப்பர் பெல்ட் நன்றாகப் பிடிக்கும். சட்டையிலேயே ஈயப்பை உள்ள மாடல் இன்னும் நல்லது, எடை இடுப்புக்கு மேல் பகிர்ந்து நிற்கும். ரப்பர் பெல்ட்டைச் சொந்தமாக வாங்கினாலும் செலவு குறைவு. வாடகைப் பெல்ட் உங்கள் இடுப்பைச் சுற்றி வந்த பிறகு ஒரு சாண் நீளம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுகூட இல்லையென்றால் கொக்கியில் பிடிமானம் போதாது, வேறு கேளுங்கள்.

சட்டை என்று இதுவரை சொன்னது பிசிடி. காற்று ஊதி மிதப்பைக் கட்டுப்படுத்தும், முதுகில் சிலிண்டரைத் தாங்கும் ஜாக்கெட். விலையில் பெரிய சாமான் இது, தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். ஆனால் பொருத்தம் பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் பருமனானவரைக் கடலுக்குள் பயமுறுத்துவது பெரும்பாலும் இதுதான். கரையில் நிற்கும்போது சரியாகத் தோன்றும். தண்ணீரில் காற்று ஏறியதும் அது உள்பக்கமாக விரிந்து நெஞ்சை இறுக்கும், மூச்சு திணறுவதுபோல் இருக்கும். கடலைக் கண்ட பயம் என்று பழக்குபவரும் நினைப்பார், நீங்களும் நினைப்பீர்கள். உண்மையில் சட்டை சின்னது. ஆகவே கரையிலேயே மாட்டி, முழுவதும் காற்று ஏற்றி, ஆழமாக ஒரு மூச்சு இழுங்கள். தடையில்லாமல் வந்தால்தான் அந்த அளவு. வயிற்றுப் பட்டையின் வெல்க்ரோ இரண்டு பக்கமும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஓரத்தில் நாலு விரல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் பிய்த்துக்கொள்ளும். அதற்காக வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு இறுக்கிக் கட்டாதீர்கள், மேலிருந்து கீழாக இழுக்க வேண்டியவை தோள் பட்டைகள். சட்டை கழுத்து நோக்கி ஏறினால் கால் இடையே போடும் பட்டை கேட்கலாம்.

முதுகுப் பக்கம் மட்டும் காற்றுப்பை உள்ள மாடல்கள் பருமனானவர்களுக்கு அருமையாக அமையும். முன்பக்கம் வெறும் பட்டைகள்தான் என்பதால் நெஞ்சும் வயிறும் இறுகாது. பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே குறை, மேல்மட்டத்தில் மிதக்கும்போது லேசாக முகத்தை முன்னால் தள்ளும். சற்றுச் சாய்ந்து உட்காருவதுபோல் இருந்தால் அதுவும் பழகிவிடும். பிற்பாடு சொந்தமாக வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். உலோகத் தகடும் பட்டையும் கொண்ட வகையில் பட்டையை வேண்டிய நீளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் அதே கருவி உழைக்கும். ஜாக்கெட் வகையை நாமாகப் பிரித்துத் தைத்து அகலப்படுத்தும் வேலை மட்டும் கூடாது. அது உயிரைத் தாங்கும் பொருள்.

வெட்சூட்டுக்கு வருவோம். பலரையும் சங்கடப்படுத்தும் இடம் இதுதான். அரை மணி நேரம் போராடியும் முழங்காலுக்கு மேல் ஏறாத அந்த ரப்பர் உடையோடு பத்துப் பேர் முன்னால் நிற்பது யாருக்கும் வேதனை. அதில் நம் நல்லகாலம் நம் கடல்தான். மன்னார் வளைகுடாவிலும் கேரளக் கரையிலும் நீரின் வெப்பநிலை ஆண்டில் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அதற்கு 5 மி.மீ. சூட் தேவையில்லை. முப்பது நாற்பது நிமிட முக்குளிப்புக்கு 3 மி.மீ. தாராளம். பல நாட்களில் முழுக்கை லைக்ரா உடையே போதும். குளிரை உடம்பே கொஞ்சம் தாங்கும் என்பது பருமனானவர்களுக்குக் கிடைத்த சலுகை. சூட் தடிமனானால் அதுவும் மிதக்கும். அதற்கு ஈடாக மறுபடி ஈயம் கட்ட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, ரப்பரில் உள்ள குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், அப்போது கட்டிய ஈயம் மிகையாகிவிடும். மெல்லிய உடை என்றால் இந்தத் தொல்லை முழுவதும் குறைகிறது.

லைக்ரா உடையை நம் ஊரிலேயே தைத்துக்கொள்ளலாம். நீச்சலுடைத் துணி, நான்கு பக்கமும் இழுபடும் ரகம், இதோடு விளையாட்டு உடை தைத்துப் பழகிய தையல்காரரிடம் போங்கள். கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை. ஜெல்லி மீன், பவளச் சிராய்ப்பு, வெயில் மூன்றுக்கும் காப்பு. மேலே தளர்வான ஒரு அரைக்கால் சட்டையோ குட்டைப் பாவாடைபோல் ஒரு அடுக்கோ வைத்துத் தைத்தால் பெண்கள் கூச்சமில்லாமல் படகில் நடமாடலாம். பெரிய சைஸ் பெண்களுக்கு ஆண்களின் டபுள் எக்ஸ்எல் சூட்டைக் கொடுப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நெஞ்சிலும் இடுப்பிலும் இறுகி, தோளிலும் கையிலும் தொளதொளவென்று தண்ணீர் ஏறி இறங்கும். அதைவிட நீங்களே தைத்த லைக்ரா ஆயிரம் மடங்கு மேல்.

சூட்டே வாங்குவதாக இருந்தால் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தையல் டேப்பால் மார்பு, வயிற்றின் மிக அகலமான இடம், இடுப்பு, தொடை, ஆடுதசை, உயரம் எல்லாம் அளந்து அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆடுதசையை மறந்து வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மேல், கீழ் என்று இரண்டு துண்டாக உள்ளவை வெவ்வேறு அளவில் கிடைக்கும், தொப்பைக்காரர்களுக்கு அதுவே வசதி. முன்பக்க ஜிப் இருந்தால் யார் உதவியும் இல்லாமல் போடலாம்.

சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். இதற்கும் பருமனுக்கும் தொடர்பில்லை, முகத்துக்கும் மாஸ்க்குக்கும்தான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் உங்களுடையது. விலை அதிகமானது நல்லது என்று இல்லை, சில ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல சிலிக்கான் மாஸ்க் கிடைக்கும். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். மீசையை எடுக்க வேண்டாம், மேல் வரிசையில் மெல்லிய கோடு அளவுக்கு மட்டும் கத்தரித்தால் கசிவு குறையும். முகம் முழுவதும் மூடும் ஸ்நார்கல் மாஸ்க்குகள் இப்போது மலிவாக விற்கின்றன. அவை மேலே மிதந்து பார்க்க மட்டும். அதில் மூக்கைப் பிடித்துக் காது அடைப்பை எடுக்க முடியாது, ஸ்கூபாவுக்கு ஆகவே ஆகாது.

அடுத்து துடுப்பு. பருமனான உடம்பு தண்ணீரை அதிகம் தள்ள வேண்டும் என்று நினைத்து நீளமான, விறைப்பான துடுப்பு வாங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தவிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுத்தர விறைப்பு போதும். பாதம் அகலமானவர்கள் குதிகால் திறந்த, பட்டையால் மாட்டும் வகையைப் பூட்ஸோடு சேர்த்து எடுங்கள். குனிந்து பட்டை மாட்டச் சிரமம் என்றால் ஸ்பிரிங் பட்டை கேளுங்கள், பின்னால் வளையத்தைப் பிடித்து இழுத்தால் ஏறிவிடும். குனிய முடியாத நிலை பலருக்குச் சொல்லக் கூச்சம். தீர்வு இவ்வளவு எளிது.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், சிலிண்டர் இரண்டும் வாடகைக்குத்தான். ரெகுலேட்டருக்கு உடல் அளவு பொருட்டில்லை, பராமரிப்புதான் பொருட்டு. உப்புக் காற்றில் கிடந்த பழையதை மலிவாக வாங்கி, தென்காசியிலிருந்து சர்வீஸுக்குப் பார்சல் அனுப்பிக் காத்திருப்பதில் லாபம் இல்லை. சிலிண்டரை இங்கே வைத்துக்கொண்டு நிரப்ப இடம் தேடுவதும் அப்படியே. பட்டறை கம்ப்ரஸர் காற்றை அதில் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்ஸைடும் கலந்த காற்று ஆழத்தில் பல மடங்கு நஞ்சாகும். பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் துடுப்பும் பூட்ஸும் வாங்கலாம். பிசிடி என்றால் காற்று நிரப்பி ஒரு இரவு வைத்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. பெரிய உடம்புக்குக் காற்று சற்று அதிகம் வேண்டும். வழக்கமான சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2200 லிட்டர் இருக்கும். 50 பார் மீதம் வைத்தால் பயன்படுத்த 1650. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் காற்றும் இரண்டு மடங்கு செலவாகும்; நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு அங்கே 33 நிமிடம், 30 லிட்டர் இழுப்பவருக்கு 27 நிமிடம். வித்தியாசம் ஆறு நிமிடம்தான். குழுவில் முதலில் மேலே வருபவர் நீங்களாக இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஈயத்தைக் குறைத்து நிதானமாக மூச்சுவிட்டால் இந்த இடைவெளியும் சுருங்கும்.

முன்பதிவு செய்யும் முன் போனில் கேட்க வேண்டியவை உண்டு. பெரிய அளவு பிசிடி எந்த அளவு வரை இருக்கிறது, படகில் ஏணி உண்டா, தண்ணீருக்குள்ளேயே கருவியைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டு ஏற விடுவார்களா? இருபது கிலோவுக்கு மேற்பட்ட சுமையோடு ஆடும் ஏணியில் ஏறுவது முழங்காலுக்குக் கொடுமை. நல்ல மையம் என்றால் "அண்ணே, நீங்க சும்மா ஏறுங்க, நாங்க தூக்கிக்கிடுறோம்" என்பார்கள். அதைச் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் போக வேண்டாம். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எடை மட்டுமே ஒருவரைத் தடுப்பதில்லை, இவை தடுக்கலாம்.

மேற்கே போய்த் திரும்புபவர்களுக்கு ஆரியங்காவு கணவாய் உயரம் குறைந்தது, அதனால் கவலையில்லை. ஆனால் முக்குளித்த அன்றே மூணாறோ கொடைக்கானலோ ஏறும் திட்டம் வேண்டாம். உயரம் போனால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். பருமனானவர்கள் இதில் இன்னும் கவனமாக இருப்பது நல்லது, கொழுப்பில் நைட்ரஜன் அதிகம் தங்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, வெயில் படாமல் காய வையுங்கள். சூட்டை மடித்து அலமாரியில் திணித்தால் மடிப்பில் ரப்பர் செத்துவிடும், தடித்த ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். சாரல் மாதங்களில் தென்காசி வீடுகளில் எதுவும் எளிதில் காய்வதில்லை. மாஸ்க்கிலும் பூட்ஸிலும் பூஞ்சை பிடித்தால் அடுத்த சீசனுக்குப் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே ஜூன் பிறப்பதற்குள் எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி, மாஸ்க்கை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.